சும்மாவா இருக்கா?

கேள்வி: என் மக ஃபார்ம் 4. ஸ்கூல் விட்டு வந்ததும் ரூமுக்குள்ள போயி சும்மா போன நோண்டிக்கிட்டே இருக்கா, மூஞ்சி எப்பவும் வாடிக் கிடக்கு. இன்ஸ்டாகிராம், டிக்டாக்தான் காரணமா? புடுங்கி வெச்சிரவா? (ஒரு அம்மா, செந்தூல்)

பதில்: 'சும்மா'ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கயே நின்னுட்டேன். உங்க மக சும்மா இல்லம்மா. என் அக்கா மக, அவளுக்கும் பதினாறு வயசு, பத்துமலையில 272 படியும் ஏறி ஒரு படம் எடுத்து இன்ஸ்டால போட்டா, இறங்கறப்போ பத்து படிக்கு ஒரு தரம் போனப் பார்த்தா, சாயங்காலம் ஒட்டுக்கடையில மீ கோரெங்க முன்னால வெச்சிக்கிட்டு அந்தப் படத்தையே அழிச்சிட்டா. ஏம்மான்னேன். "பதினோரு லைக்தான் மாமா, என் மூஞ்சி அவ்ளோ கேவலமாவா இருக்கு?" மீ ஆறிப்போச்சு, வாயில வைக்கல. அன்னைக்கு முழுக்க அவ பரீட்சை எழுதிக்கிட்டு இருந்திருக்கா.

உடம்பப் பத்தி ஏற்கெனவே சங்கடப்பட்ட டீன்ஏஜ் பொண்ணுங்கள்ல 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் பார்த்தா அது இன்னும் மோசமாகுதுன்னு சொன்னாங்க. இன்ஸ்டாவுக்குச் சொந்தக்கார கம்பெனி ஃபேஸ்புக் தானே எடுத்த ஆய்வு அது, 2021-ல வெளிய கசிஞ்சுது.

எங்க காலத்துல அரசாங்க டிவி ஆர்டிஎம்-ல ராத்திரி தேசிய கீதம் நெகாராக்கூ பாடினா டிவி மூடிரும், அப்புறம் படுக்கறதுதான் வேல. இப்ப போன்ல அந்த முடிவே கிடையாது, தள்ளத் தள்ள வந்துக்கிட்டே இருக்கும். ஆசா ரஸ்கின்ங்கற டிசைனர்தான் 2006-ல இப்படி முடிவே இல்லாம ஓடற பக்கத்த உண்டாக்கினாரு, பின்னால அவரே அதுக்கு வருத்தப்பட்டாரு.

திட்டு வாங்கினாலும் மறுபடி சொல்றேன், ஃபார்ம் 5 முடிவுல எழுதற எஸ்பிஎம் பரீட்சை ரிசல்ட் ஸ்லிப்ப குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல போடாதீங்க. முன்ன இதச் சொன்னப்போ, அது பெருமைன்னு ஒரு வாசகர் சண்டைக்கே வந்தாரு. எட்டு ஏ வாங்கின புள்ளைக்குப் பெருமை, சரி, அதே குரூப்புல இருக்கற நாலு ஏ வாங்கின சித்தப்பா மக அன்னைக்கு ராத்திரி எப்படித் தூங்குவா? லைக் எண்ண நாமதான் முதல்ல சொல்லிக் கொடுத்தோம்.

போன்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஸ்கூல்ல யாராச்சும் கேலி பண்ணாலும் மூஞ்சி வாடும், மனசு சோர்ந்த புள்ள போனுக்குள்ள போயி ஒளியறதும் உண்டு. அதனால புடுங்காதீங்க, ராத்திரி எல்லார் போனும் ஹால்லதான் சார்ஜ் ஆகணும், உங்களோடதும். பக்கத்துல உக்காந்து என்ன பார்க்கறன்னு கேளுங்க. ரெண்டு வாரமா சாப்பாடு தூக்கம் சரியில்லன்னா கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, காட்டுங்க. வாழவே புடிக்கலன்னு ஒரு வார்த்தை வந்தா அன்னைக்கே போன் பண்ணுங்க, மனசு விட்டுப் பேச ஆள் இருக்கற பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இல்ல சுகாதார அமைச்சோட உதவி எண் 15555. போலீஸ் கேஸ் ஆயிரும்னு மறைக்க வேணாம், தற்கொலை முயற்சிய குத்தமாக்கின தண்டனைச் சட்டம் 309-ஆவது பிரிவ 2023-லயே எடுத்துட்டாங்க.