வலி ஏன் வரவில்லை, வந்த வலி ஏன் நின்றது: கர்ப்பப்பை பற்றிக் கேள்வி பதில்

பிரசவ அறையில் வேலை பார்த்துவிட்டு இப்போது மாணவர்களுக்கு மகப்பேறு மருத்துவப் பாடம் எடுப்பவள் நான். கர்ப்பப்பை ஒன்பது மாதம் எப்படிச் சும்மா இருக்கிறது, பிறகு எப்படித் திடீரென்று வேலையைத் தொடங்குகிறது என்பது பற்றிக் கேளுங்கள் என்றதற்கு வந்த கேள்விகள் இவை. ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஸ்கேன் அறிக்கை அனுப்பியவர்கள் மன்னிக்கவும். வயிற்றைத் தொட்டுப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

கேள்வி (எட்டாவது மாதம், ஈரோடு): மேடம், சாயங்காலம் ஆனால் வயிறு கல்லாக இறுகுகிறது, அரை நிமிடத்தில் விட்டுவிடுகிறது. அத்தை "சூட்டு வலி" என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தார், நின்றுவிட்டது. பயப்பட வேண்டுமா?

பதில்: உங்கள் அத்தைக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. கஷாயத்துக்கு அடங்கினால் சூட்டு வலி, அடங்காமல் ஏறினால் பிரசவ வலி என்பது நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கும் சோதனை. அதில் சீரகத்தின் பங்கு எவ்வளவு என்று நான் வழக்காட வரவில்லை. உடலில் நீர் குறைந்தாலும், சிறுநீர்ப்பை நிறைந்திருந்தாலும் இந்த இறுக்கம் கூடும். சிறுநீர் கழித்துவிட்டு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்து, இடது பக்கம் சாய்ந்து படுத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1872இல் இதை எழுதி வைத்ததால் மருத்துவத்தில் அவர் பெயரிலேயே வழங்குகிறது. கர்ப்பப்பை எப்போதுமே முழுதாக ஓய்ந்து கிடப்பதில்லை. அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று தனித்தனியாக இறுகித் தளர்கிறது. எல்லாப் பகுதியும் சேர்ந்து இறுகத் தொடங்கினால்தான் பிரசவம்.

ஆனால் உங்களுக்கு இன்னும் 37 வாரம் ஆகவில்லை. இறுக்கம் ஒழுங்கான இடைவெளியில் வந்துகொண்டே இருந்தால், நீரோ ரத்தமோ பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால், கஷாயம் வைக்க அடுப்பைப் பற்றவைக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி (பிளஸ் டூ உயிரியல் ஆசிரியர், தர்மபுரி): முழு வளர்ச்சியடைந்த கருவிலிருந்தும் நஞ்சுக்கொடியிலிருந்தும் சமிக்ஞை கிளம்புகிறது, தாயின் பிட்யூட்டரி சுரப்பி, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசினைச் சுரக்கிறது, பிரசவம் நடக்கிறது என்று பாடம் நடத்துகிறேன். ஒரு மாணவி, "சார், அதுவரை கர்ப்பப்பையைச் சுருங்கவிடாமல் வைத்திருப்பது எது?" என்று கேட்டாள். அந்தச் சமிக்ஞைதான் என்ன?

பதில்: அந்த மாணவியை மருத்துவம் படிக்கச் சொல்லுங்கள். எல்லோரும் ஆக்ஸிடோசினில் தொடங்குகிறார்கள். அவள் சரியான முனையைப் பிடித்திருக்கிறாள்.

தசையை நீட்டினால் சுருங்கப் பார்க்கும். சுமார் 60 கிராம் இருந்த கர்ப்பப்பை நிறைமாதத்தில் ஒரு கிலோவை எட்டுகிறது. உள்ளே குழந்தை, நஞ்சு, பனிக்குட நீர் எல்லாம் சேர்த்து ஐந்து லிட்டர் அளவுக்கு இடம் கொடுக்கிறது. இவ்வளவு இழுபட்ட தசை மாதக்கணக்கில் சுருங்காமல் இருப்பதே அதிசயம். அதைப் பிடித்து வைப்பதில் முதலிடம் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனுக்கு. முதல் சில வாரங்கள் அதைக் கொடுப்பது சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம். ஹங்கேரியில் பிறந்த ஆர்பாட் சாப்போ என்ற ஆய்வாளர், ஏழாவது வாரத்துக்கு முன் கார்பஸ் லூட்டியத்தை அகற்றினால் கரு கலைந்துவிடுகிறது என்று 1970களில் காட்டினார். சில வாரம் கழித்து அகற்றினால் ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் அதற்குள் நஞ்சே பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. "புரோஜெஸ்டிரான் தடை" என்ற கருத்தை அவர் அதற்கு முன்பே, 1950களில் முன்வைத்திருந்தார்.

இந்தத் தடையின் கீழ், தசைச் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் மிகக் குறைவு. ஆக்ஸிடோசினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளும் குறைவு. ரிலாக்ஸின், நைட்ரிக் ஆக்சைடு போன்றவையும் துணைக்கு நிற்கின்றன. ஐந்தாவது மாதத்தில் ஆக்ஸிடோசின் கொடுத்தால் கர்ப்பப்பை பெரிதாகக் கண்டுகொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

தடை எப்படி விலகுகிறது? செம்மறியாட்டில் விடை தெளிவு. 1960களில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் மான்ட் லிகின்ஸ், கருவில் இருக்கும் குட்டியின் பிட்யூட்டரியை அழித்தால் ஈனும் நாள் தள்ளிப்போகிறது, குட்டிக்குக் கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோனைக் கொடுத்தால் ஆடு முன்கூட்டியே ஈனுகிறது என்று கண்டார். குட்டியின் கார்டிசால், நஞ்சிலுள்ள புரோஜெஸ்டிரானை ஈஸ்ட்ரோஜனாக மாற்ற வைக்கிறது. தடை சடாரென்று விழுகிறது. அதாவது, நாள் குறிப்பது குட்டி.

மனிதர்களிடம் கதை இவ்வளவு சுலபமில்லை. பிரசவத்துக்கு முன் தாயின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் குறைவதே இல்லை. தசைச் செல்லுக்குள் அதன் ஏற்பிகளின் வகை மாறிப்போகிறது. ஹார்மோன் இருந்தும் அதன் பேச்சு எடுபடுவதில்லை. நஞ்சு சுரக்கும் சி.ஆர்.எச். என்ற ஹார்மோன் கடைசி வாரங்களில் வேகமாக ஏறுவது, குழந்தையின் முதிரும் நுரையீரலிலிருந்து வரும் பொருட்கள், தசை இழுபடுவது, கர்ப்பப்பை வாயில் நடக்கும் ஒருவித அழற்சி எல்லாமே சேர்ந்து தள்ளுகின்றன. ஒற்றைச் சமிக்ஞை என்று பாடப்புத்தகம் எழுதுவது பரீட்சை வசதிக்காக.

தடை விலகியதும் தசைச் செல்களுக்கு இடையே கனெக்ஸின் 43 என்ற புரதத்தாலான வாசல்கள் ஏராளமாகத் திறக்கின்றன. ஒரு செல்லில் எழுந்த மின் அலை மற்றவற்றுக்குப் பாய்கிறது. ஆக்ஸிடோசின் ஏற்பிகள் பெருகுகின்றன. அதன் பிறகு, அதே அளவு ஆக்ஸிடோசினுக்கே கர்ப்பப்பை துள்ளி எழுகிறது. குழந்தையின் தலை கர்ப்பப்பை வாயை அழுத்த அழுத்த ஆக்ஸிடோசின் இன்னும் சுரக்கும். 1941இல் ஃபெர்குசன் விவரித்த அனிச்சைச் செயல் அது. ஆக, ஆக்ஸிடோசின் கூட்டத்துக்குக் கடைசியாக வந்து மாலை வாங்கிக்கொள்கிறது என்பது என் கட்சி.

கேள்வி (செவிலியர் மாணவி, தஞ்சாவூர்): இதயத்தில் இருப்பதுபோலக் கர்ப்பப்பைக்கும் துடிப்பைத் தொடங்கி வைக்கும் ஒரு முனை உண்டா? நரம்பு தேவையா?

பதில்: நிலையான முனை எதுவும் கிடையாது, ஒரு வலி ஓரிடத்தில் தொடங்கினால் அடுத்தது வேறிடத்தில் தொடங்கலாம். நரம்பும் கட்டாயமில்லை. தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாத பெண்களுக்கும் பிரசவம் தானாகத் தொடங்கி நடக்கிறது. செல்லுக்குள் கால்சியம் நுழைவதுதான் சுருக்கத்தின் ஆதாரம். குறைமாதத்தில் வந்த வலியை நிறுத்த நிஃபெடிபைன் கொடுப்பதும் இதனால்தான். அது கால்சியத்தின் வாசலை மூடுகிறது.

தேர்வுக்கு அப்பால் ஒன்று சொல்கிறேன். வலி விடும்போது கர்ப்பப்பையின் மேல்பகுதித் தசைநார் பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை; கொஞ்சம் குட்டையாகவே நின்றுவிடுகிறது. இப்படி மேல்பகுதி தடித்துக்கொண்டே போக, கீழ்ப்பகுதி மெலிந்து மேலே இழுக்கப்படுகிறது. வாய் திறப்பது அப்படித்தான். அடுத்த முறை பணியில் இருக்கும்போது மானிட்டரை மட்டும் பார்க்காமல், வயிற்றின் மேல்புறம் உள்ளங்கையை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் உட்காருங்கள். நல்ல வலியின் உச்சத்தில் விரல் நுனியால் அழுத்தினால் குழி விழாது.

கேள்வி (39 வாரம், கோவை): அம்மா விளக்கெண்ணெய் குடிக்கச் சொல்கிறார். வரும் அமாவாசைக்கு வலி வந்துவிடும் என்றும் சொல்கிறார். பப்பாளி சாப்பிடலாமா என்றும் சேர்த்துக் கேட்டுவிடுகிறேன்.

பதில்: அமாவாசையை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பிறை நாட்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எந்தத் தொடர்பும் இல்லை. இரவுக்குத்தான் தொடர்பு உண்டு. இருட்டில் சுரக்கும் மெலடோனின் ஆக்ஸிடோசினுக்குக் கை கொடுக்கிறது. தானாகத் தொடங்கும் வலி இரவில் அதிகம் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விளக்கெண்ணெய் கட்டுக்கதை அல்ல. அதிலுள்ள ரிசினோலிக் அமிலம், குடலிலும் கர்ப்பப்பையிலும் உள்ள, புராஸ்டாகிளாண்டின் என்ற இறுக்கும் பொருளுக்கான ஓர் ஏற்பியைத் தூண்டுகிறது என்று 2012இல் எலிகளில் நிரூபித்தார்கள். ஆகவே வயிற்றுப்போக்கும் வரும், இறுக்கமும் வரலாம். என் தயக்கமே அதுதான். வாந்தி பேதியில் தளர்ந்துபோய்ப் பிரசவத்துக்கு வருவது நல்லதல்ல. எவ்வளவு குடித்தால் எவ்வளவு வலி வரும் என்ற கணக்கும் யாரிடமும் இல்லை. முன்பு சிசேரியன் ஆனவர்கள் தொடவே கூடாது. நீங்களும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

பப்பாளிக் காயில் வடியும் பால் எலியின் கர்ப்பப்பையை இறுக்குகிறது. நன்றாகப் பழுத்த பழத்தின் சாறு இறுக்கவில்லை. காயைக் கூட்டு வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி (கணவர், சேலம்): என் மனைவிக்கு முதலில் ஜெல் வைத்தார்கள். வலி சரியாக வரவில்லை. மறுநாள் டிரிப்பில் வலி மருந்து ஏற்றினார்கள். அதையே முதல் நாள் ஏற்றியிருக்கக் கூடாதா? ஒரு நாள் வீணாயிற்றே.

பதில்: வீணாகவில்லை தம்பி. கர்ப்பப்பையின் உடல் தசை; அதன் வாய் பெரும்பாலும் நார். கர்ப்பகாலத்தில் வாயைத் தொட்டால் மூக்கு நுனிபோல விறைப்பாக இருக்கும். பிரசவம் நெருங்கும்போது உதடுபோல மிருதுவாக வேண்டும். அதற்கு உள்ளே இருக்கும் கொலாஜன் நார்கள் பிரிந்து, நீர் கோத்து, குழைய வேண்டும். இந்த வேலையைச் செய்வது புராஸ்டாகிளாண்டின். ஜெல்லில் இருந்தது அதுதான். வாய் குழையாத நிலையில் டிரிப்பை ஏற்றினால், மூடிய கதவை இடித்த கதையாகத் தாயும் களைத்து, குழந்தையும் களைத்து, கடைசியில் சிசேரியனில் முடியும். வாய் எவ்வளவு தயார் என்பதற்கு 1964இல் பிஷப் என்ற மருத்துவர் வகுத்த மதிப்பெண் முறைதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

டிரிப்பில் போகும் ஆக்ஸிடோசினுக்கு ஒரு நல்ல குணம்: ரத்தத்தில் அதன் ஆயுள் சில நிமிடங்களே. வலி மிஞ்சினால் நிறுத்திவிடலாம். மிஞ்சுவது என்றால் பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல். ஒவ்வொரு இறுக்கத்திலும் நஞ்சுக்குப் போகும் ரத்தம் குறைகிறது; இடைவெளியில்தான் குழந்தை மூச்சு வாங்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியைக் காப்பதற்காகத்தான் செவிலியர் சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டு நின்றிருப்பார். வலி வேகமாக வரட்டும் என்று சொட்டைக் கூட்டச் சொல்லி அவரை நெருக்காதீர்கள்.

புராஸ்டாகிளாண்டினைக் கொண்டு முதன்முதலில் வலி வரவழைத்த மருத்துவர்களில் ஒருவர் சுல்தான் கரீம்; 1968இல், உகாண்டாவின் கம்பாலாவில். ஆக்ஸிடோசினை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. கரீமின் பெயர் நம் மாணவர்களுக்குக்கூடத் தெரிவதில்லை.

கேள்வி (யாழ்ப்பாணம்): டொக்டர், தங்கைக்கு வீட்டில் நல்ல வலி. வைத்தியசாலைக்குக் கொண்டுபோனதும் நின்றுவிட்டது. இது சாதாரணமா?

பதில்: மிகச் சாதாரணம். பயந்தால் அட்ரினலின் சுரக்கும். கர்ப்பப்பைத் தசையில் அதற்கென்று உள்ள ஏற்பிகள் தசையைத் தளர்த்திவிடும். ஈனும் விலங்கை யாராவது வந்து கலைத்தால் ஈற்று நின்றுபோவதும் இதே வழியில்தான். தெரிந்த பெண் ஒருவர் கூடவே இருந்தால் பிரசவம் சுருக்கமாக முடிகிறது என்பது ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். தங்கையோடு உள்ளே இருக்க உங்களை விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (முதல் குழந்தை 29 வாரத்தில் பிறந்தது, மதுரை): அப்போது வலியை நிறுத்த மருந்து கொடுத்தும் இரண்டே நாளில் பிரசவமாகிவிட்டது. மருந்து தோற்றதா? இப்போது மீண்டும் கர்ப்பம். வாராவாரம் ஊசி போட வேண்டுமா?

பதில்: அம்மா, அந்த மருந்து தோற்கவில்லை. அந்த இரண்டு நாளுக்காகத்தான் அது கொடுக்கப்படுகிறது. தொடங்கிவிட்ட குறைமாத வலியை வாரக்கணக்கில் நிறுத்தும் மருந்து உலகில் கிடையாது. 48 மணி நேரம் தள்ளினால், தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலைத் தயார்ப்படுத்திவிடும். மேலே சொன்ன லிகின்ஸ்தான் இதற்கும் மூலம். கார்டிசால் கொடுத்து முன்கூட்டிப் பிறந்த ஆட்டுக்குட்டிகள் இறக்க வேண்டியவை. அவை மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அறுத்துப் பார்த்தால் நுரையீரல் விரிந்திருந்தது. பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று தேடப் போனவர், ராஸ் ஹௌவியுடன் சேர்ந்து தாய்மார்களிடம் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார்.

வாராந்திரப் புரோஜெஸ்டிரான் ஊசிக்கு அமெரிக்காவில் கொடுத்திருந்த அனுமதியை 2023இல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பெரிய ஆய்வில் அது பலன் காட்டவில்லை. ஸ்கேனில் கர்ப்பப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்குப் பிறப்புறுப்பில் வைக்கும் புரோஜெஸ்டிரான் மாத்திரை உதவுகிறது. சிலருக்கு வாயில் தையல் போடுவார்கள், பம்பாயின் வி. என். ஷிரோத்கர் 1955இல் வெளியிட்ட முறை, இன்று உலகம் முழுவதும் அவர் பெயரில் நடக்கிறது. உங்களுக்கு எது என்பதை முடிவு செய்யும் அந்த ஸ்கேனைப் பொதுவாக 16 முதல் 24 வாரத்துக்குள் எடுக்க வேண்டும். தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (இரண்டாவது பிரசவமாகி நான்கு நாள், திண்டுக்கல்): பால் கொடுக்கும்போதெல்லாம் அடிவயிறு முறுக்கி வலிக்கிறது. முதல் குழந்தைக்கு இப்படி இல்லையே?

பதில்: குழந்தை சப்பும்போது ஆக்ஸிடோசின் சுரக்கிறது, கர்ப்பப்பை இறுகுகிறது. முதல் பிரசவத்தில் தசை பெரும்பாலும் விடாமல் இறுகியே நிற்கும். அடுத்தடுத்த பிரசவங்களில் தளர்ந்து தளர்ந்து இறுகுவதால் வலி தெரியும். கிராமத்தில் சொல்வதுபோல "கர்ப்பப்பை சுருங்கும் வலி"யேதான். காய்ச்சலோ, நாற்றமுள்ள போக்கோ, திடீரென்று மிகுதியான ரத்தமோ இல்லையென்றால் கவலை வேண்டாம்.

கேள்வி (கிராம சுகாதாரச் செவிலியர், ராமநாதபுரம் மாவட்டம்): குழந்தை பிறந்ததும் 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போடுகிறோம். மின்வெட்டில் குளிர்சாதனப் பெட்டி நின்றுவிட்டால் மருந்து கெடுமா?

பதில்: கெடும், பார்வைக்குத் தெரியாமல் கெடும் என்பதுதான் ஆபத்து. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்ததும் அந்த ரத்தக்குழாய்களின் வாய்கள் திறந்து கிடக்கும். அவற்றை அடைப்பது, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தசைநார்கள் இறுகி நெரிப்பதுதான். இறுகாவிட்டால் சில நிமிடங்களில் நிலைமை கைமீறும்.

வெப்பத்தைத் தாங்கும் கார்பெட்டோசின், ஆக்ஸிடோசினுக்கு ஈடாக வேலை செய்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2018இல் காட்டியது. உங்கள் நிலையத்துக்கு வருமா என்று மேலதிகாரிகளிடம் கேளுங்கள். அதுவரை ஐஸ் பெட்டியைத் தயாராக வையுங்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு, கர்ப்பப்பையை இறுக்கும் இன்னொரு மருந்தான மெத்தர்ஜின் போடாதீர்கள். ஊசி போட்ட பிறகும் கையை எடுக்காதீர்கள். தொப்புளுக்குச் சற்றுக் கீழே கர்ப்பப்பை கெட்டிப் பந்தாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். பக்கவாட்டில் ஒதுங்கி, தொளதொளவென்று இருந்தால் முதலில் சிறுநீரை வெளியேற்றுங்கள், பிறகு தேய்த்துவிடுங்கள். அப்படியும் இறுகாவிட்டால், தேய்த்துக்கொண்டே 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.