விழிப்போடு கனவுக்குள் போக, உடம்பு முடங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனில் வேலைங்க டாக்டர். வயது 24. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் நைட் ஷிப்ட். தூங்கும்போதே விழிப்போடு கனவுக்குள் போகலாம் என்று வீடியோ பார்த்துவிட்டு, ராத்திரி பத்தரைக்கு மல்லாந்து படுத்து ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்தேன். கால் மரத்ததுதான் மிச்சம். ஆனால் போன வாரம் நைட் முடிந்து காலை ஏழு மணிக்குப் படுத்த கொஞ்ச நேரத்தில் கை கால் அசையவில்லை. நெஞ்சு மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது, கத்தவும் முடியவில்லை. பேய் அமுக்கியது என்று அம்மிச்சி தலைமாட்டில் சீமாறு வைத்துவிட்டார். இதைத் தாண்டினால்தான் கனவுக்குள் போக முடியுமாம். தொடரலாமா, விட்டுவிடலாமாங்க?

பதில்: முதலில் பயத்தை இறக்கி வையுங்கள் தம்பி. உங்களுக்கு வந்தது தூக்க முடக்கம். 100 பேரில் 7, 8 பேருக்காவது வாழ்நாளில் ஒரு முறை வருகிறது. சில நொடிகள், மிஞ்சினால் ஓரிரு நிமிடம், தானாக விட்டுவிடும். உயிருக்கு ஆபத்தில்லை.

கனவு அதிகமாக வரும் தூக்கத்தை ரெம் தூக்கம் என்கிறோம். அப்போது மூளைத்தண்டு கை கால் தசைகளுக்குப் போகும் கட்டளையை அடைத்துவிடும். கனவில் ஓடுகிறவர் கட்டிலை விட்டு எழுந்து ஓடாமல் இருப்பது இதனால்தான். நினைவு இருக்கும்போதே இந்த அடைப்பு விழுந்துவிட்டாலோ, விழித்த பிறகும் திறக்காமல் கிடந்தாலோ, அதுதான் முடக்கம். மூச்சை இழுக்கும் முக்கியத் தசையான உதரவிதானமும் கண் தசைகளும் இதில் சிக்குவதில்லை. அதனால் மூச்சு ஓடிக்கொண்டேதான் இருக்கும். விலாத் தசைகள் ஒத்துழைக்காததால், நீங்களாக இழுத்து மூச்சுவிடப் பார்க்கும்போது நெஞ்சில் பாரம் தெரியும். அந்தப் பயத்தில் பாதிக் கனவும் கலந்து, பாரத்துக்கு ஓர் ஆள் உருவம் வந்துவிடுகிறது. அம்மிச்சியோடு வாதாட வேண்டாம். வீட்டில் ஒருவர் அக்கறையாகக் கவனிக்கிறார் என்பதே பயத்தைக் குறைக்கும். சீமாறு இருந்துவிட்டுப் போகட்டும்.

பத்தரைக்கு வராதது காலையில் ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் புரியும். ராத்திரி படுத்ததும் முதலில் ஆழ்ந்த தூக்கம்தான் வரும். முதல் ரெம் வர ஒன்றரை மணி நேரம் போல ஆகும். அதுவும் சில நிமிடம்தான். விடியக்காலை நெருங்க நெருங்கத்தான் அது நீளும். பத்தரைக்கு மரக்கட்டையாகக் கிடந்தது, பாவு நூல் பூட்டாத தறி முன்னால் துணிக்குக் காத்திருந்த கதை. நைட் ஷிப்டில் கணக்கு மாறிவிடுகிறது. உடம்புக் கடிகாரப்படி அதிகாலைதான் ரெம் தூக்கத்துக்கு வாகான நேரம். ராத்திரி முழுக்க நாடா அடிக்கும் சத்தத்தில் நின்று களைத்து, சரியாக அதை ஒட்டிப் படுக்கிறீர்கள். மூளை மற்ற படிகளைத் தாண்டி நேராக ரெம்முக்குள் இறங்கிவிடலாம். 1992இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்களை நடுராத்திரியில் எழுப்பி, மறுபடி தூங்கவிட்டு, சிலருக்கு இந்த முடக்கத்தை வரவழைத்தே காட்டினார்கள்.

சரி, கனவுக்கு வருவோம். இது வெறும் கற்பனை இல்லை. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில், கனவு கண்டுகொண்டிருந்தவர் முன்பே பேசி வைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்துச் சைகை காட்டியதை கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் கருவியில் பதிவு செய்தார். அடைப்பில் சிக்காதது கண் என்பதால்தான் அது முடிந்தது. ஆனால் முடக்கத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது தவறு. வழியில் அது எதிர்ப்படலாம், படாமலும் போகலாம். அதைத் தேடி விறைத்துப் படுத்தால் தூக்கம்தான் கெடும். அரித்தால் சொறியுங்கள், புரண்டு படுங்கள்.

பகல் ஷிப்ட் வாரத்தில், மறுநாள் லீவு இருந்தால் மட்டும் முயலுங்கள். ஐந்து மணி நேரம் தூங்கி எழுந்து இருபது நிமிடம் சும்மா உட்காருங்கள். போன் வேண்டாம். அப்புறம் பக்கவாட்டில் படுங்கள். மல்லாந்து படுத்தால்தான் முடக்கம் அதிகம் வருகிறது. மூச்சை மெதுவாக எண்ணிக்கொண்டிருங்கள். கண்ணுக்குள் நிறத் திட்டுகள், யார் யாரோ முகம், பேர் சொல்லிக் கூப்பிடும் குரல் என்று வரும். உங்களுக்குத் தறிச் சத்தமே கேட்கலாம். எட்டிப் பிடிக்கப் பார்த்தால் கலைந்துவிடும். ரோட்டோரம் நின்று பஸ் போவதைப் பார்ப்பது போல விட்டுவிடுங்கள். ஒரு காட்சி நிலைத்து, அதற்குள் நிற்கிறோம் என்று தோன்றியதும் பக்கத்தில் இருப்பதைத் தொடுங்கள். சுவரின் சொரசொரப்பு, பாவு நூலின் இழுப்பு, எதுவானாலும் சரி. தொட்டுக்கொண்டே இருந்தால் கனவு சட்டென்று கலைவதில்லை என்பது பழகியவர்களின் அனுபவம். எண்ணும்போதே உறங்கிப் போனால் நிம்மதியாக உறங்குங்கள். பல நாள் அப்படித்தான் ஆகும்.

நடுவில் முடக்கம் வந்தால் திமிறாதீர்கள். மூச்சை மெல்ல வெளியே விடுவதிலேயே கவனம் வையுங்கள். கண்ணை இடமும் வலமும் உருட்டுங்கள், கால் பெருவிரலை மட்டும் அசைக்கப் பாருங்கள்.

நைட் ஷிப்ட் வாரத்தில் இந்தப் பயிற்சி கண்டிப்பாக வேண்டாம். ஏற்கெனவே தூக்கம் பாக்கி. அதை இன்னும் வெட்டிவிட்டு ஓடும் தறியில் கை வைப்பதும், பைக்கில் வீடு திரும்புவதும் ஆபத்து. அந்த வாரம் ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டு, அறையை இருட்டாக்கித் தூங்குங்கள். முடக்கமும் அதனாலேயே குறையலாம்.

போதுமான அளவு தூங்கியும் பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்தாலோ, வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் தொய்ந்தாலோ, அது நார்கோலெப்சி என்ற தூக்கக் கோளாறாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நன்றாக விழித்திருக்கும் நேரத்திலும் குரலோ உருவமோ வந்தால் பயிற்சியை அன்றைக்கே நிறுத்திவிட்டு, மனநல மருத்துவரிடம் போங்கள்.