ஏழு குண்டு நாகாண்ட்: நிஜத்திலும் கேமிலும் (கேள்வி பதில்)

கேள்வி: ப்ரோ, ரிவால்வரில் சைலன்சர் போட்டுப் புண்ணியமில்லை என்கிறார்கள். பப்ஜியில் ஆர்1895 ரிவால்வருக்கு மட்டும் மாட்ட முடிகிறதே, சும்மா அடித்துவிட்டதா?

பதில்: இல்லை, தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். ஆர்1895 என்பது ரஷ்யாவின் நாகாண்ட் எம்1895. மற்ற ரிவால்வர்களில் தோட்டாக்களைத் தாங்கும் சிலிண்டர் சுற்றுவதற்காக, அதற்கும் பேரலுக்கும் (குண்டு வெளியேறும் குழல்) நடுவே மெல்லிய இடுக்கு ஒன்று விட்டிருப்பார்கள். சுடும்போது வாயு அந்த வழியாகப் பீறிடும். முனையில் எதை மாட்டினாலும் பக்கவாட்டில் வரும் சத்தத்தை அடக்க முடியாது. நாகாண்டில் ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தியல்) இழுத்தால் சிலிண்டர் சுற்றுவதோடு நிற்காது, முன்னால் நகர்ந்து பேரலின் பின்முனையோடு சேர்ந்துகொள்ளும். 7.62×38 மி.மீ. தோட்டாவும் அதற்கென்றே செய்தது. குண்டு முழுவதும் பித்தளைக் கேஸுக்குள் (தோட்டாவின் கூடு) அமுங்கியிருக்கும். கேஸின் குறுகிய வாய் சிலிண்டரைத் தாண்டி லேசாக நீட்டிக்கொண்டு பேரலுக்குள் நுழையும், வெடிக்கும்போது விரிந்து இடுக்கை அடைத்துவிடும். குண்டின் வேகமும் ஒலியின் வேகத்துக்குக் கீழேதான். சோவியத் காலத்தில் மிதின் சகோதரர்கள் செய்த 'பிராமிட்' சைலன்சர் இதற்கும் மோசின் ரைஃபிளுக்கும் வந்தது.

கேள்வி: இவ்வளவு நல்ல ஐடியா என்றால் மற்ற கம்பெனிகள் ஏன் செய்யவில்லை?

பதில்: பலன் கொஞ்சம், வில்லங்கம் அதிகம். வாயு வீணாகாமல் குண்டுக்குக் கூடுதல் வேகம் கிடைக்கட்டும் என்றுதான் இதைச் செய்தார்கள். சைலன்சர் யோசனை பிற்பாடு வந்தது. கிடைத்த வேகமோ பெரிதாகச் சொல்லும்படி இல்லை. அதற்குக் கொடுத்த விலை ட்ரிகரில் தெரியும். டபுள் ஆக்‌ஷனில், அதாவது ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடும்போது, ஒற்றை விரல் ஹேமரைத் தூக்க வேண்டும், சிலிண்டரைச் சுற்ற வேண்டும், ஸ்பிரிங்கை எதிர்த்து முன்னால் தள்ள வேண்டும், பின்னாலிருந்து தோட்டாவைத் தாங்கும் கட்டையையும் ஏற்ற வேண்டும். இழுப்பு சுமார் 9, 10 கிலோ வரும். குறி எங்கே நிற்கும்?

கேள்வி: ஹன்ட் ஷோடௌன் கேமில் சாதாரண நாகாண்டுக்கும் 'ஆபீசர்' நாகாண்டுக்கும் என்ன வித்தியாசம்? எதை வாங்கலாம்?

பதில்: ரஷ்யப் படையில் இருந்த பாகுபாடு அது. சிப்பாய்க்கு சிங்கிள் ஆக்‌ஷன்: ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கட்டைவிரலால் இழுத்தாக வேண்டும். அதிகாரிக்கு டபுள் ஆக்‌ஷன். சிப்பாய் பதற்றத்தில் தோட்டாவை வீணடித்துவிடுவான் என்ற பயம்தான். புரட்சிக்குப் பிறகு டபுள் ஆக்‌ஷனே வழக்கமாயிற்று. கேமில் கிட்டத்தில் மோதுகிறவர்களுக்கு ஆபீசர் சரி. ஆனால் நிஜத்தில் இருக்கும் அந்தக் கல் மாதிரியான ட்ரிகரைக் கேமில் உணர முடியாது, வேகம் மட்டும் கிடைக்கிறது. என்னைக் கேட்டால் காசு மிச்சம் பிடிக்கிறவர்களுக்கு சாதாரணமே போதும். ஏழு குண்டு இருக்கிறது, நிதானமாகச் சுடுங்கள்.

கேள்வி: அந்தக் கேம் 1895-ல் நடக்கிறது. அப்போது சைலன்சர் இருந்ததா அண்ணா?

பதில்: இல்லை தம்பி. ஹைரம் பெர்சி மாக்சிம் சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கியது 1909-ல். பிராமிட் அதற்கும் பின்னால். துப்பாக்கியையே ரஷ்யா ஏற்றுக்கொண்டது 1895-ல்தான். அதே வருடம் அது, கதை நடக்கும் அமெரிக்காவின் லூசியானா சதுப்பு நிலத்துக்கு வந்து சேர்ந்தது என்பதும் கொஞ்சம் ஓவர். பேய் வேட்டை கேம், விட்டுவிடுவோம்.

கேள்வி: இது ரஷ்யத் துப்பாக்கியா, பெல்ஜியத் துப்பாக்கியா?

பதில்: வடிவமைத்தவர் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து லெயோன் நாகாண்ட். முதல் சில வருடம் அங்கேயே செய்தார்கள், 1898 முதல் ரஷ்யாவின் தூலாவில். அதற்கு முன் ரஷ்யப் படையில் கனமான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இருந்தது.

கேள்வி: இண்டி கேம் ஒன்றுக்கு ரீலோட் அனிமேஷன் செய்கிறேன் சார். எந்த வரிசையில் கை அசைய வேண்டும்?

பதில்: முதலில் வலப்பக்கத்துச் சின்னக் கதவைத் திறக்க வேண்டும். காலி கேஸைத் தள்ளும் கம்பி சிலிண்டர் அச்சுக்குள் ஒளிந்திருக்கும். அதன் தலையைத் திருகி முன்னால் இழுத்து, பேரலைச் சுற்றியுள்ள வளையத்தோடு வலப்பக்கம் திருப்பினால் கதவுக்கு நேரான அறைக்கு (சிலிண்டரில் தோட்டா நிற்கும் துளை) எதிரே நிற்கும். பின்னால் ஒரு தள்ளு, கேஸ் விழும். சிலிண்டரை ஒரு அறை சுற்றி மறுபடி தள்ளு. இப்படி ஏழு முறை. பிறகு கம்பியைப் பழைய இடத்தில் வைத்து, தோட்டாக்களை ஒவ்வொன்றாக அதே கதவு வழியே போட்டு மூடவும்.

சிலிண்டரைப் பக்கவாட்டில் தட்டித் திறக்கிற மாதிரி மட்டும் காட்டிவிடாதீர்கள். இதில் அது வெளியே வராது. ஹேமர் பின்னால் போகும்போது சிலிண்டரை ஓரிரண்டு மில்லிமீட்டர் முன்னால் நகர்த்துங்கள், ட்ரிகரை விட்டதும் திரும்பி வரட்டும். தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

கேள்வி: பப்ஜியில் ஏகேஎம் தோட்டாவையே இதற்கும் போடுகிறோமே, உண்மையில் உள்ளே போகுமா?

பதில்: போகவே போகாது. 7.62 என்பது பேரல் துளையின் விட்டம் மட்டும். பழைய ரஷ்ய அளவில் ஒரு 'லைன்' என்பது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. மூன்று லைன் என்றால் 7.62 மி.மீ. மோசின் ரைஃபிளும் அதே அளவுதான், ஆனால் கேஸ் வேறு, மருந்தின் அழுத்தம் வேறு. தோட்டா கிடைக்காத ஊர்களில் .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் போட்டுச் சுடுகிறவர்கள் உண்டு. கேஸ் குட்டை, அறையில் தளர்வாக நிற்கும். அதனால் உப்பும், சில சமயம் பிளக்கும். பேரலை எட்டாததால் இடுக்கும் அடைபடாது, நாகாண்ட் சாதாரண ரிவால்வராகிவிடும்.

கேள்வி: ரெட் ஆர்கெஸ்ட்ரா 2 கேம் ஸ்டாலின்கிராடில் நடக்கிறது. டிடி-33 பிஸ்டல் வந்த பிறகும் ஏன் இந்தப் பழசு?

பதில்: சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். டிடி மாற்றாக வந்தும் போர்க்காலத்தில் நாகாண்ட் தயாரிப்பை நிறுத்தவில்லை. இயந்திரமும் பழகிய ஆட்களும் கையில் இருக்க, சண்டை நடுவே எவன் நிறுத்துவான்?

கேள்வி: டார்கோவ் கேமில் வரும் ஆர்எஸ்எச்-12 ரிவால்வர் இதன் வாரிசா?

பதில்: ஊர் மட்டும் ஒன்று, அதுவும் தூலாவில் பிறந்தது. 12.7×55 மி.மீ., ஐந்து குண்டு, சிலிண்டரின் அடி அறையிலிருந்து சுடும். பேரல் கைக்கு நேராகத் தாழ்ந்து நிற்பதால் மூக்கு மேலே தூக்குவது குறையும். நாகாண்டின் யோசனைக்குக் கிட்டத்தில் வருவது ரஷ்ய வடிவமைப்பாளர் ஸ்டெச்கினின் ஓடிஎஸ்-38 ரிவால்வர். அதில் இடுக்கை அடைக்கும் வேலையே இல்லை. எஸ்பி-4 தோட்டாவுக்குள் ஒரு பிஸ்டன் குண்டைத் தள்ளிவிட்டு கேஸின் வாயிலேயே மாட்டி நிற்கும், வாயு உள்ளேயே சிறைப்படும். சைலன்சரும் வேண்டாம், சிலிண்டர் முன்னால் நகரவும் வேண்டாம்.