ஹாக்கி மைதானத்தில் கேமராவுடன் நிற்கும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய நேரத்தில் மகள் ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள லென்ஸ் கேட்கிறாள், விளையாட்டுப் படம் எடுப்பதுதான் தன் வேலை என்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கோவில்பட்டியில் பள்ளி அணிகளின் ஹாக்கி ஆட்டம் ஒன்றில் அவள் எடுத்த நாற்பது படங்களையும் இணைத்திருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அந்தப் படங்களில் இருப்பதால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன். கல்லூரி, செலவு, சம்பளம் எல்லாம் பிறகு.

நாற்பதில் பெரும்பாலானவை பந்தும் மட்டையும். கூர்மையாக இருக்கின்றன, தெறிக்கும் தண்ணீர்கூடத் துளித் துளியாகத் தெரிகிறது. உறவினர்கள் இவற்றைத்தான் மெச்சியிருப்பார்கள். நான் அவ்வளவாக மெச்ச மாட்டேன். இன்றைய கேமரா நொடிக்குப் பத்துப் படங்களுக்கு மேல் எடுக்கிறது, ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து போகஸ் செய்கிறது. பந்து மட்டையில் படும் கணத்தில் பாதிப் புகழ் கேமராவுக்கு உரியது.

ஆனால் இரண்டு படங்களில் நான் நின்றுவிட்டேன். ஒன்று, சமனில் முடிந்த ஆட்டத்தில் வெற்றியாளரைத் தீர்மானிக்கும் ஷூட்-அவுட் முடிந்தபின் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி கோல் கம்பத்தில் சாய்ந்து நிற்கும் கோல்கீப்பர் சிறுமி; அவளுக்குப் பின்னால் மங்கலாக எதிரணி துள்ளிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, மாற்று வீராங்கனைகள் அமர்ந்திருக்கும் பெஞ்ச். கோல் விழுந்ததும் நான்கு பேர் எழுந்துவிட்டார்கள். ஐந்தாமவள் உட்கார்ந்தபடியே காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் ஏன் எழவில்லை என்று நமக்குத் தெரியாது. தெரியாததாலேயே திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். எல்லோருடைய கண்ணும் கோலை அடித்தவள் மீது இருந்தபோது உங்கள் மகள் பெஞ்சைப் பார்த்திருக்கிறாள். இதைக் கேமரா செய்யாது. அவள் இந்தத் தொழிலுக்குத் தகுதியானவள் என்று நான் நினைப்பதற்கு இந்த இரண்டு படங்களே காரணம். மற்ற முப்பத்தெட்டும் அல்ல.

விளையாட்டுப் புகைப்படங்களில் உலகம் அதிகம் அறிந்த ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். 1965 மே 25 அன்று அமெரிக்காவின் லூயிஸ்டன் நகரில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி முதல் சுற்றிலேயே சோனி லிஸ்டனை வீழ்த்தினார். நீல் லைஃபர் எடுத்த அந்தப் படத்தில் குத்து இல்லை. குத்து விழுந்து முடிந்துவிட்டது. தரையில் கிடப்பவரைப் பார்த்துக் கையை மடக்கிக் கத்துகிறார் அலி. லைஃபருக்கு அப்போது வயது 22. படத்தை உற்றுப் பார்த்தால் அலியின் கால்களுக்கு நடுவே, மேடைக்கு மறுபுறம், இன்னொரு புகைப்படக்காரர் தெரிவார். அவர் ஹெர்பர்ட் ஷார்ப்மேன், அனுபவத்தில் மூத்தவர். அந்த நொடியில் அவருக்கு வாய்த்ததோ அலியின் முதுகு. எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் இருவருக்கும் இருந்த வித்தியாசம். அதில் அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் அதிர்ஷ்டம் வரும்போது கேமரா முகத்தின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

ஆகவே மகளிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி லென்ஸைப் பற்றியதல்ல. ஆட்டம் தொடங்கும் முன் எங்கே நிற்கப் போகிறாள், ஏன் அங்கே என்று கேளுங்கள். வெயில் எந்தப் பக்கம் இருந்து வருகிறது, எந்த அணியின் பெஞ்ச் எங்கே இருக்கிறது, பெற்றோர் எங்கே அமர்ந்திருக்கிறார்கள் என்பதை அவள் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்க வேண்டும். கோல் அடித்த பிள்ளை பெரும்பாலும் தன் தோழிகளையோ பயிற்சியாளரையோ நோக்கி ஓடும். அந்தத் திசையில் நிற்பவருக்கு முகம் கிடைக்கும், மற்றவர்களுக்குச் சட்டை எண் கிடைக்கும். ஹாக்கி ஷூட்-அவுட்டில் ஒவ்வொரு வாய்ப்புக்கும் 8 நொடிகள்தான். அந்த எட்டு நொடியை எல்லோரும் எடுப்பார்கள். ஒன்பதாவது நொடியில் கேமராவை இறக்கிப் பின்திரையில் படத்தைப் பார்க்கும் பழக்கம்தான் புதியவர்களைக் கெடுக்கிறது. விசில் ஊதியபின் குறைந்தது அரை நிமிடம் கண்ணிலிருந்து கேமராவை எடுக்கக் கூடாது. கோலை நோக்கிப் பந்தை வேகமாக அடிக்கும் பெனால்டி கார்னர் வாய்ப்பின்போது கோலுக்கு நேர் பின்னால் நிற்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். வலைக்கு வெளியே வரும் பந்து எலும்பை முறிக்கும்.

நுட்பத்தைப் பற்றிச் சிறிது. ஓட்டத்தை உறைய வைக்க 1/1000 நொடி ஷட்டர் வேகம் வேண்டும். ஆட்டம் நின்றபின் முகங்களுக்கு 1/500 தாராளம். காலை வெயிலில் நடக்கும் ஆட்டத்துக்கு அவளிடம் இப்போதிருக்கும் 55-250 மி.மீ. ஜூம் லென்ஸே போதும், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 400-ஐத் தாண்ட வேண்டிய தேவைகூட வராது. உச்சி வெயிலில் கண்குழிகள் கறுத்துவிடும், அதற்கு எந்த லென்ஸும் மருந்தல்ல. மின்விளக்கில் வேறொரு தொல்லை: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு ஐம்பது சுழற்சி, சுழற்சிக்கு இரண்டு மங்கல் என்பதால் சில விளக்குகள் நொடிக்கு நூறு முறை மங்கி ஒளிரும்; அடுத்தடுத்த படங்களில் ஒன்று மஞ்சளாகவும் ஒன்று இருட்டாகவும் வருவது இதனால்தான். புதிய கேமராக்கள் பலவற்றில் இந்த மினுக்கலைச் சமாளிக்கும் வசதி உண்டு. அவளுடைய கேமராவின் மெனுவில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி எடிட்டிங். மாணவர்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் நிறத்தைக் கூட்டுவதையும் வானத்தைக் கறுக்க வைப்பதையும் நினைக்கிறார்கள். விளையாட்டுப் படத்தில் எடிட்டிங் என்பது முதலில் தள்ளிவிடுவது. ஓர் ஆட்டத்தில் எண்ணூறு படங்கள் எடுத்தால் வெளியே போகத் தகுந்தவை பன்னிரண்டு இருக்கலாம். உங்கள் மகள் நாற்பது அனுப்பியதே அவள் இன்னும் தேர்ந்தெடுக்கப் பழகவில்லை என்பதைக் காட்டுகிறது. ஒரே பந்தை அடிக்கும் ஒரே பெண்ணின் ஆறு படங்கள் அதில் இருக்கின்றன. ஆறில் எது என்று முடிவு செய்யும் வேலையை அவள் என்னிடம் விட்டுவிட்டாள். பத்திரிகை ஆசிரியரோ விளையாட்டுச் சங்கமோ அந்த வேலையைச் செய்ய மாட்டார்கள். அடுத்தவரின் படத்தை எடுத்துக்கொள்வார்கள்.

இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். அடுத்த ஆட்டம் முடிந்த இரவே பன்னிரண்டைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு வாரம் கழித்து, முதல் தேர்வைப் பார்க்காமல், அதே எண்ணூறிலிருந்து மறுபடி பன்னிரண்டு எடுக்கட்டும். இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்: முதல் நாள் எடுத்தவற்றில் பாதி, எடுக்கும்போது பட்ட சிரமத்துக்காகத் தேர்ந்தவை. மழையில் நனைந்து எடுத்தேன், படுத்துக்கொண்டு எடுத்தேன் என்பது பார்ப்பவருக்குத் தெரியவா போகிறது? ஒரு வாரத்தில் அந்தச் சிரமம் மறந்துபோய், படம் மட்டும் மிஞ்சும். ஒவ்வொரு படத்துக்கும் யார், எங்கே, எந்த ஆட்டம், எந்தத் தேதி, என்ன நடந்தது என்று இரண்டு வரிப் படக்குறிப்பு எழுதட்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும். பெயரைத் தவறாக எழுதும் புகைப்படக்காரரை இரண்டாவது முறை யாரும் அழைப்பதில்லை.

தேர்ந்தபின் செய்ய வேண்டிய திருத்தம் மிகக் குறைவு. சாய்ந்த மைதானத்தை நிமிர்த்துவது, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரின் முழங்கையை கிராப் செய்து நீக்குவது, நீலச் செயற்கைத் தரை முகத்தில் பூசும் நீலத்தைக் குறைப்பது, ஹெல்மெட் நிழலில் இருக்கும் கண்ணைச் சற்று வெளிச்சப்படுத்துவது. அந்த கோல்கீப்பர் படத்தை அவள் கறுப்பு வெள்ளையாக்கி, ஓரங்களை இருட்டாக்கி, இன்னொரு பிரதியும் அனுப்பியிருக்கிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. வண்ணப் படத்தில் எதிரணியின் சிவப்புச் சட்டைகள் துள்ளுவது தெரிகிறது. அந்தச் சிவப்புதான் இந்தப் பிள்ளையின் தோல்வியைச் சொல்கிறது. அதை நீக்கிவிட்டு இருட்டைச் சேர்த்தால் சோகம் கூடாது, அலங்காரம்தான் கூடும்.

கூட்டவும் நீக்கவும் கூடாதவை வேறு. செய்திப் படத்தில் இருந்ததை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் வேலையைப் பறிக்கும். சிரியப் போர்ப் படம் ஒன்றின் மூலையில் கிடந்த சக பத்திரிகையாளரின் வீடியோ கேமராவை அழித்ததற்காக, நார்சிசோ கான்ட்ரேராஸ் என்ற புகைப்படக்காரருடன் அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) செய்தி நிறுவனம் 2014 ஜனவரியில் உறவை முறித்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்தவர் அவர். இன்று கைபேசியிலேயே ஒரு தொடுதலில் ஆளை அழிக்கலாம், பந்தை வரவழைக்கலாம். திருமண ஆல்பத்துக்கு அது சரி. மாவட்டப் போட்டியின் படத்தில் இல்லாத பந்தைச் சேர்த்தால் அது பொய்.

பிள்ளைகளின் படம் என்பதால் இன்னொரு பொறுப்பும் உண்டு, இதில் நான் கண்டிப்பானவன். அழுகிற, அடிபட்டுக் கிடக்கிற, உடை விலகிய நிலையில் இருக்கிற பிள்ளையின் படம் எவ்வளவு அருமையாக வந்திருந்தாலும், அதே பிள்ளையும் அதன் தாயும் பக்கத்தில் நிற்கும்போது தயங்காமல் காட்ட முடியுமா என்று அவள் கேட்டுக்கொள்ள வேண்டும். முடியாதென்றால் வெளியிட வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. பள்ளி மூலமாக எழுத்தில் அனுமதி வாங்கிவிடுவது எளிய வழி. சமூக வலைத்தளத்தில் பிள்ளையின் பெயர், பள்ளி, ஊர் மூன்றையும் ஒரே படத்தின் கீழ் போட வேண்டாம். உடை மாற்றும் அறைப் பக்கம் கேமராவுடன் போகவே கூடாது. அவளும் பெண்தான், தோழிகள்தான் என்பது விலக்கல்ல.

இப்போது பிழைப்பு. மழுப்பாமல் சொல்கிறேன்: பள்ளி விளையாட்டுப் படங்களை மட்டும் எடுத்து நம் மாநிலத்தில் குடும்பம் நடத்துவது கடினம். பத்திரிகைகளில் நிரந்தரப் புகைப்படக்காரர் வேலை சுருங்கிவிட்டது. ஆனால் வேலை வேறு இடங்களுக்குப் போயிருக்கிறது. புரோ கபடி லீக்கும் இந்தியன் சூப்பர் லீக் கால்பந்தும் 2014-இல் தொடங்கியவை; அத்தகைய அணிகளுக்குத் தங்கள் சமூக வலைத்தளப் பக்கங்களை நாள்தோறும் நிரப்ப ஆள் வேண்டும். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் நடந்தன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் மாவட்டந்தோறும் நடக்கின்றன. தனியார் பயிற்சி மையங்கள், பள்ளி ஆண்டு மலர்கள், தன் பிள்ளை விளையாடும் நல்ல படம் ஒன்றுக்குப் பணம் கொடுக்கத் தயாராக உள்ள பெற்றோர் என்று சிறு வரவுகளும் உண்டு. இவற்றோடு திருமணம், நிறுவன நிகழ்ச்சி என்று மாதத்தில் சில நாட்கள் வேறு வேலையும் செய்யத்தான் வேண்டியிருக்கும். அதை இழிவாக நினைக்கிறவள் இதில் நிலைக்க மாட்டாள். மணமேடையில் தாலி ஏறும்போது பெண்ணின் தந்தை முகத்தை எடுக்கத் தெரிந்தவளுக்கு அந்த நாளும் பயிற்சி நாளே. வீடியோ எடுத்து வெட்டி ஒட்டவும் கற்றுக்கொள்ளட்டும். அது தெரியாமல் அணிகளில் நுழைவது கடினம்.

படிப்பில் எனக்குக் குழப்பமில்லை. பட்டம் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் மூன்று ஆண்டு காட்சித் தொடர்பியல் (விஷுவல் கம்யூனிகேஷன்) பட்டப்படிப்பில் சேரலாம். தென் மாவட்டக் கல்லூரிகளிலும் இருக்கிறது. சேரும் முன் ஸ்டூடியோவைப் போய்ப் பாருங்கள், கேமராக்கள் பூட்டிய அலமாரியில் தூசி படிந்திருந்தால் வேறு கல்லூரி தேடுங்கள். ஒளிப்பதிவில் ஆர்வம் வந்தால் தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பட்டத்துக்குப் பிறகு புகைப்படத்திலேயே மேற்படிப்பு வேண்டுமென்றால் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் காந்திநகர் வளாகத்தில் முதுநிலைப் படிப்பு உண்டு. நுழைவுத் தேர்வு கடுமையானது. கணிதத்தில் அவளுக்கு நல்ல மதிப்பெண் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே பொறியியலில் சேர்த்து, நான்கு ஆண்டு கழித்து இதே கேள்வியோடு நீங்கள் எழுத நேர வேண்டாம்.

லென்ஸை இப்போது வாங்க வேண்டாம். அவள் கேட்கும் 70-200 எஃப்/2.8, குறைந்த வெளிச்சத்திலும் தூரத்து ஆட்டத்தை எடுக்க உதவும், நல்ல கருவிதான். அதைக் கொண்டு சம்பாதிக்கும் வழி தெரிந்தபின் வாங்கட்டும். உள்ளரங்கில் வாலிபால், இறகுப்பந்து எடுக்க ஆசைப்பட்டால் பழைய 85 மி.மீ. எஃப்/1.8 ஒன்றைப் பார்க்கலாம். அதற்கும் முன் இரண்டு வெளி ஹார்டு டிஸ்குகள் வாங்கித் தாருங்கள். எல்லாப் படங்களும் ஒரே லேப்டாப்பில் இருப்பதாக நீங்கள் எழுதியிருப்பது எனக்கு நிம்மதி தரவில்லை.

கடைசியாக, ஒரு பயிற்சி மையம் தன் ஆண்டுப் போட்டியைப் படமெடுக்க அவளைப் பணம் கொடுத்து அழைத்திருப்பதாக நீங்கள் எழுதியிருக்கும் செய்தி. போகட்டும். ஆனால் ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு போகட்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர். கடிதம் இல்லையென்றால் தன் மாதிரித் தொகுப்பில் அந்தப் படங்களை வைக்கவும் அவள் அவர்களிடம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். எத்தனை படங்கள், எப்போது தருவாள், அவர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், உரிமை யாருக்கு, பெற்றோரின் ஒப்புதலை யார் வாங்குவது: இந்த ஐந்தும் கடிதத்தில் இருந்தால் போதும். அவளையே எழுதச் சொல்லி, போட்டிக்கு ஒரு வாரம் முன்னதாக எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.