அம்மா பிழைத்துக்கொள்ளும் கதையை அவனுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அக்கா போன வருஷம் புற்றுநோயில் இறந்துவிட்டாள். அவளுடைய பத்து வயது மகன் இப்போது என்னிடம் வளர்கிறான். அவள் பிழைக்க வேண்டும் என்று சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. பிறந்தநாள் பரிசாக அவனுக்கு சி.எஸ். லூயிஸின் ‘தி மஜிஷியன்ஸ் நெவ்யூ’ நாவல் வந்திருக்கிறது. முதலில் நான் படித்துப் பார்த்தேன். சாகக் கிடக்கும் அம்மா, மகன் கொண்டுவரும் ஆப்பிளைச் சாப்பிட்டுப் பிழைத்துக்கொள்கிறாள். “எங்க அம்மாவுக்கு மட்டும் ஏன் கிடைக்கல சித்தி?” என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? மந்திரம், சூனியக்காரி வேறு வருகிறது. புத்தகத்தை ஒளித்து வைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், நாசரேத்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, எடுத்துக் கொடுங்கள். ஆனால் கூடவே உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் பயப்படும் கேள்வியை அவன் எப்போதோ தனக்குள் கேட்டிருப்பான். வீட்டில் எல்லோரும் அழுதுவிடுவார்களே என்று வாயைத் திறக்காமல் இருக்கலாம். எனக்குக் கவலை தருவது வேறு. கதையில் டிகரி என்ற அந்தப் பையன், அஸ்லான் என்னும் சிங்கத்துக்கு ஒரு பழம் பறித்து வருவதாகச் சொல்லித் தோட்டத்துக்குப் போகிறான். பழத்தைத் திருடி நேராக அம்மாவிடம் கொண்டு போ என்கிறாள் சூனியக்காரி. அவன் மறுத்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். அப்புறம்தான் அம்மாவுக்கான ஆப்பிள் கிடைக்கிறது. இதைப் படிக்கும் பிள்ளை, ‘அவன் நல்ல பையன், அதனால் அவன் அம்மா பிழைத்தாள், நான் ஏதோ தப்பு செய்திருக்கிறேன்’ என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது. தாயைப் பறிகொடுத்த சின்னப் பிள்ளைகள் சுலபமாக இப்படி நினைத்துக்கொள்வார்கள். ‘இன்னும் விசுவாசமாக ஜெபித்திருக்கலாம்’ என்று பெரியவர்கள் யாராவது பேசியது காதில் விழுந்திருந்தால் சொல்லவே வேண்டாம்.

லூயிஸுக்கே இது நடந்தது. பெல்ஃபாஸ்டில் 1908 ஆகஸ்டில் அவருடைய அம்மா புற்றுநோயில் இறந்தபோது அவருக்கு ஒன்பது வயது. மனதை இறுக்கிப் பலமாக நம்பினால் ஜெபம் பலித்துவிடும் என்று அந்தப் பிள்ளை முயன்று பார்த்ததைத் தன் வாழ்க்கை நினைவுகளில் எழுதியிருக்கிறார். அம்மா பிழைக்கவில்லை. அடுத்த மாதமே அவரை இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த நாவல் வந்தது 1955-இல். தனக்குக் கிடைக்காத பழத்தை ஐம்பது வயதுக்கு மேல் கதையில் ஒரு பையன் கையில் கொடுத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் பையனிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் புத்தகத்தை முடித்த பிறகு. முதலிலேயே சொன்னால் கதை கெட்டுவிடும்.

படிக்கும்போது ஓர் இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். அம்மாவைக் குணமாக்க ஏதாவது தர மாட்டாயா என்று டிகரி அஸ்லானிடம் கெஞ்சுகிறான். அதற்கு முன்பே, ‘நீ என் அம்மாவுக்கு உதவினால் நானும் உனக்கு உதவுகிறேன்’ என்று பேரம் பேசலாமா என ஒரு கணம் யோசித்து, இந்தச் சிங்கத்திடம் அதெல்லாம் நடக்காது என்று விட்டுவிட்டவன் அவன். இப்போது நிமிர்ந்து பார்த்தால், அஸ்லானின் கண்களில் தன் கண்ணீரைவிடப் பெரிய கண்ணீர்த் துளிகள். அம்மா பிழைப்பாள் என்று அஸ்லான் அங்கே வாக்குக் கொடுக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. துக்கம் பெரியது, எனக்குத் தெரியும் என்கிறது, அவ்வளவுதான். உங்கள் பையன் கேள்வி கேட்டாலும் இதற்கு மேல் நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. “தெரியலப்பா, எனக்கும் அதே கேள்விதான்” என்றால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திருடிய பழமாக இருந்தாலும் அம்மாவின் நோயைக் குணப்படுத்தியிருக்கும், ஆனால் இருவருக்கும் சந்தோஷம் இருந்திருக்காது என்று அஸ்லான் பின்னால் சொல்கிறது. அதாவது, நோய் தீர்வது நல்ல பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும் பரிசு என்று கதையே சொல்லவில்லை. அந்த இடம் வரும்போது, “உன்னால அம்மாவுக்கு எதுவும் ஆகல, நீ எதையும் குறைவா செய்யல” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அவனுக்குத் தெரியும் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

மந்திரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மந்திரத்தில் இறங்கும் மாமாவும் சூனியக்காரியும் யாரும் பின்பற்ற ஆசைப்படும்படி எழுதப்படவில்லை. இருட்டில் மாட்டிக்கொண்டபோது, ஒரு பாட்டுப் பாடலாமே என்று அறுப்பின் பண்டிகைப் பாட்டை எடுத்துக்கொடுக்கும் வண்டிக்காரரை உங்கள் ஊர் கோயிலிலேயே பார்க்கலாம்!

மரணம் மரணமாகவே நிற்கும் கதையை அவன் பிறகு தேடினால், கேத்தரின் பேட்டர்சனின் ‘பிரிட்ஜ் டு டெராபிதியா’ (1977) இருக்கிறது. தன் மகனின் சிநேகிதி மின்னல் தாக்கி இறந்த பிறகு அவர் எழுதியது. கதையில் ஒரு பையனின், கோயில் பழக்கமே இல்லாத தோழி இறந்துபோகிறாள். அவள் நரகத்துக்குப் போயிருப்பாளா என்று பையன் கேட்கிறான். கடவுள் சின்னப் பெண் பிள்ளைகளை நரகத்துக்கு அனுப்ப மாட்டார் என்று அவன் அப்பா ஒரே வரியில் முடித்துவிடுகிறார். நல்ல புத்தகம்தான், ஆனால் இந்த வருஷம் வேண்டாம். முதலில் ஒளித்து வைத்ததை எடுங்கள். கடைசி அத்தியாயங்களை மட்டும் தூங்கப் போகும் நேரத்தில் படிக்காமல், அவன் பேச நினைத்தால் பேச நேரம் இருக்கும்படி ஒரு விடுமுறை நாளின் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.