லைன்மேனாக இருந்து நீதிபதி ஆனவர்: ஆலன் பேஜ் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரி அணிக்கு லைன்மேனாக ஆடியவர்கள் பிற்காலத்தில் என்ன ஆகிறார்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆலன் பேஜை வைத்தே எல்லோருக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: லைன்மேன் என்றால் யார் சார்? பந்தைத் தொடுவாரா?

அமெரிக்கக் கால்பந்தில் பந்து கிளம்பும் கோட்டின் இரு பக்கமும் குனிந்து நிற்பவர்கள்தான் லைன்மேன்கள். ஒரு பக்கத்தார், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் தங்கள் குவார்ட்டர்பேக்கைக் காப்பார்கள். எதிர்ப்பக்கத்தார் அந்த அரணை உடைத்து அவரைப் பிடிக்கப் பாய்வார்கள். பேஜ் பாய்கிற கட்சி, அதாவது எதிரணியின் ஆட்டத்தைத் தடுப்பவர். பந்து கைக்கு வருவது அபூர்வம்.

கேள்வி: கல்லூரியில் எப்படி ஆடினார்?

ஓஹாயோவின் கேன்டன் நகரில் 1945ல் பிறந்தவர். நோட்டர்டேம் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். 1966ல் அந்த அணி தேசிய சாம்பியன் ஆனது, இவருக்கு நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்களுக்குத் தரப்படும் ஆல்-அமெரிக்கன் கௌரவம் கிடைத்தது. 1967ல் அரசியல் அறிவியல் பட்டத்தோடு வெளியே வந்தார்.

கேள்வி: தொழில்முறை ஆட்டத்தில் சாதித்தாரா?

நிறைய. கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும்போது மினசோட்டா வைக்கிங்ஸ் அணி அவரை முதல் சுற்றிலேயே எடுத்தது. 1971ல் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கினார். தடுத்து ஆடும் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. அடுத்து 1986ல் லாரன்ஸ் டெய்லர் பெற்றார். லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் நான்கு ஆடி நான்கிலும் தோற்றது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

கேள்வி: அண்ணா, நான் கல்லூரியில் கபடி ஆடுகிறேன். படிப்பும் ஆட்டமும் சேர்ந்து முடியவில்லை. அவருக்கு மட்டும் எப்படி முடிந்தது?

அவருக்கும் முதலில் முடியவில்லை தம்பி. தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த புதிதில் சட்டக் கல்லூரியில் சேர்ந்து, சில வாரங்களிலேயே விட்டுவிட்டார். ஆனால் வழக்கறிஞர் ஆக வேண்டும் என்பது சிறு வயது ஆசை. கால்பந்து இடையில் வந்தது. வீரர்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது ஒப்பந்தம், வழக்கு எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தார். அப்புறம் மறுபடி சேர்ந்து, ஆடிக்கொண்டே படித்து, 1978ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் வாங்கினார். முதல் முறை விட்டதை நீ தோல்வியாக எடுத்துக்கொள்ளாதே.

கேள்வி: லைன்மேன் என்றால் பெருத்த உடம்பு. அவர் மாரத்தான் ஓடினார் என்பது நிஜமா?

நிஜம். ஓட்டத்தில் இறங்கியதும் எடை குறைந்தது. 1978ல் வைக்கிங்ஸ் அவரை விடுவித்தது. சிகாகோ பேர்ஸ் அணி எடுத்துக்கொண்டது. ஒல்லியான லைன்மேனாக 1981 வரை ஆடினார். 1979ல் முழு மாரத்தானும் ஓடி முடித்தார். அணியில் இருக்கும்போதே அதைச் செய்த முதல் என்எஃப்எல் வீரர் அவர்தான்.

கேள்வி: புகழால்தான் நீதிபதி ஆனாரோ?

பெயர் உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தனியார் சட்ட நிறுவனத்தில் சில வருடம், அப்புறம் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்தில் சில வருடம் என்று உழைத்து வந்தவர். மினசோட்டாவில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 1992ல் அவர் போட்டியிட நினைத்த இடத்தில் இருந்த நீதிபதியின் பதவிக்காலத்தை ஆளுநர் நீட்டித்தார். அதனால் தேர்தலே இல்லை என்றாகிவிட்டது. பேஜ் வழக்குப் போட்டார். தங்கள் சக நீதிபதி சம்பந்தப்பட்டதால் உச்ச நீதிமன்றத்தார் விலகிக்கொள்ள, வேறு நீதிபதிகள் விசாரித்துத் தேர்தல் நடக்க வேண்டும் என்றார்கள். போட்டியிட்டு வென்றார். அந்த நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி அவர். 70 வயதில் ஓய்வு என்பது மாநில விதி; 2015ல் இறங்கினார். தனக்காக வாதாடி வாக்குச்சீட்டையே திரும்பக் கொண்டுவந்தவரைப் புகழால் வந்தவர் என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: கல்விக்கு ஏதோ அறக்கட்டளை உண்டாமே?

மனைவி டயானோடு 1988ல் தொடங்கினார். உதவித்தொகை பெறும் மாணவர்கள் பதிலுக்குச் சிறு பிள்ளைகளுக்கு வழிகாட்ட நேரம் ஒதுக்க வேண்டும். அதே வருடம்தான் கேன்டனில் உள்ள, சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் கால்பந்துப் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தார்கள். பையனாக இருந்தபோது அந்தக் கட்டடத்தைக் கட்டும் வேலையில் கூலிக்கு நின்றவர்! வழக்கமாக ஒரு பயிற்சியாளர் அறிமுகம் செய்வார். இவர் மினியாபோலிஸ் பள்ளி முதல்வர் ஒருவரை அழைத்து வந்தார். உரையிலும் படிப்பைப் பற்றித்தான் பேசினார்.

கேள்வி: அத்தனை வருடம் மோதியதில் உடம்பில் எதுவும் மிச்சம் இல்லையா?

இருக்கிறது. ஒரு கையின் சுண்டுவிரல் ஆட்டத்தில் பிசகி, இன்றும் மற்ற விரல்களை விட்டு வெளிப்பக்கமாக வளைந்து நிற்கிறது. அவர் பள்ளிகளுக்குப் போனால் பிள்ளைகளின் கண் முதலில் அந்த விரலுக்குத்தான் போகும்.