நிலவிரவில் ஒரு பாடல்

கேள்வி: ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமனின் ‘மோன்ட்நாக்ட்’ (நிலவிரவு) பாடலில் ஒரே மெட்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது. இருந்தும் முடியும்போது கண் கலங்கிவிடுகிறதே, ஏன்?

பதில்: அந்தத் திரும்பல்தான் காரணம் என்பேன். ஜெர்மன் கவிஞர் ஐஷன்டார்ஃபின் கவிதைகளுக்கு ஷூமன் 1840இல் இசையமைத்த 12 பாடல்களில் 5ஆவதான இது, வானம் பூமியை ஓசையின்றி முத்தமிட்டது போலிருந்தது என்று தொடங்குகிறது. ஜெர்மன் மொழியில் வானம் ஆண்பால், பூமி பெண்பால் என்பதால் அந்த வரி அங்கே இயல்பாகவே காதல் வரியாகிவிடுகிறது. தமிழில் இரண்டுமே அஃறிணை என்பதால் மொழிபெயர்ப்பில் அந்த நயம் நழுவிவிடும்.

பியானோவின் தொடக்கத்தைக் கவனியுங்கள். இடக்கை அடியாழத்தில் ஒரு சுரத்தைத் தொட, வலக்கை வெகு உயரத்திலிருந்து மெல்ல இறங்கி வருகிறது. இடையில் உள்ள வெட்டவெளிதான் அந்த இரவு. பிறகு ஒரே சுரங்கள் மெல்லிய நாடித்துடிப்பாக ஒலிக்க, அந்த முத்தத்தையும், வயலில் பயிர்க்கதிர்கள் அசைவதையும், காடுகள் சலசலப்பதையும் சொல்லும் முதல் இரு பத்திகளிலும் அதே மெட்டு நான்கு முறை வருகிறது.

மூன்றாம் பத்தியில், ஆன்மா சிறகை விரிக்கும் இடத்தில்தான் மெட்டு முதன்முறையாக மாறுகிறது. அடுத்த வரியிலேயே, வீடு நோக்கிப் பறப்பது போல என்னும் சொற்களை நோக்கி, பழைய மெட்டு திரும்பிவிடுகிறது. அதாவது, கவிதை வீட்டைப் பற்றிப் பேசும்போது நம் செவியும் தான் அறிந்த இடத்திற்கு வந்து சேர்கிறது. குரல் ஓய்ந்த பின்பும் பியானோ சிறிது தூரம் தனியே சென்றுதான் அடங்குகிறது. அதுவரை இருந்து கேளுங்கள்.